இயற்கை நார்க் கயிறு: பராமரிப்பும் மறுபயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேங்காய் நார், சணல், கற்றாழை நார், மணிலா, பருத்தி என்று செடிகொடிகளின் நாரால் திரித்த கயிறுகளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே. நைலான் கயிற்றுக்கு இதில் பாதி பொருந்தாது.

என்னிடம் இருப்பது செடி நார்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நுனியிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். செடி நார் என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பிளாஸ்டிக் சுருங்கி உருகும். ஆறியதும் கெட்டியான ஒரு மணியாக நிற்கும். மணிலா நிறத்திலேயே பிளாஸ்டிக் கயிறு வருகிறது, கண்ணை மட்டும் நம்ப முடியாது. வெளியே பருத்திப் பின்னல், உள்ளே செயற்கை இழை என்ற கலப்பும் உண்டு. அதனால் நடுப்பகுதியிலிருந்தும் ஓர் இழையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எல்லா நாரும் ஒன்றுதானே? பராமரிப்பில் என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. பருத்தியில் சுமார் 90 சதவீதம் செல்லுலோஸ். பூஞ்சைக்கு அதுதான் சாப்பாடு. ஆகவே ஈரத்தோடு மூலையில் கிடந்தால் முதலில் கெடுவது பருத்திதான். ஆனால் நனைந்திருக்கும்போது பருத்தியின் வலு கூடவே செய்யும். சணல் நேர் எதிர்: நனைந்தால் வலு குறையும், வெயிலில் கிடந்தால் மஞ்சள் பூத்து நொறுங்கத் தொடங்கும். வெளி வேலைக்குச் சணல் தற்காலிகக் கட்டு மட்டுமே.

தேங்காய் நாரில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம், 40 சதவீதத்தை ஒட்டி. அதனால் உப்புத் தண்ணீரிலும் சீக்கிரம் இற்றுப்போகாது; மிதக்கவும் செய்யும். விலை என்னவென்றால், அதே பருமனுள்ள மற்றக் கயிறுகளைவிட வலு குறைவு, இழுத்தால் நன்றாக நீளும். கற்றாழை நார் விறைப்பானது. கையை அறுக்கும், ஆனால் உழைக்கும். மணிலா என்பது பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அபாக்கா என்னும் வாழை இனத்தின் நார். கனமான வேலைக்குச் செடி நாரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் கை அதற்குத்தான் போகும்.

மழையில் நனைந்ததும் கயிறு குட்டையாகிவிடுகிறதே, ஏன்?

நார் தண்ணீரை உறிஞ்சினால் பருமனில்தான் ஊதும், நீளத்தில் அவ்வளவாக இல்லை. புரிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பது பருத்துவிட்டால், அதைச் சுற்றிவர ஒவ்வொரு புரிக்கும் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளம் கயிற்றின் மொத்த நீளத்திலிருந்துதான் கழியும். முறுக்கு இறுகி, கயிறு விறைத்து, குட்டையாகிறது.

1586இல் ரோமின் செயின்ட் பீட்டர் சதுக்கத்தில் டொமினிகோ ஃபொன்டானா எகிப்திய ஒற்றைக்கல் தூணை நிறுத்தியபோது, கயிறுகளில் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒரு மாலுமி கூட்டத்திலிருந்து கத்தினார் என்று ஒரு கதை உண்டு. தூணை நிறுத்தியது வரலாறு. மாலுமி பிற்பாடு கதையில் வந்து சேர்ந்தவராகத்தான் தெரிகிறார். ஆனால் அவர் சொன்னதாகச் சொல்லப்படும் யோசனையில் தப்பில்லை.

நமக்கு இதில் பாடம் ஒன்றுதான்: கூடாரக் கயிறு, கொடிக் கயிறு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டிய எதுவானாலும், மழை வருமுன் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் கயிறோ, கம்பமோ, முடிச்சோ, ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும்.

புதுக் கயிறு வாங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

நுனியைக் கட்டுங்கள். செடி நார் உருகாது என்பதால் நைலானைப் போல நெருப்பில் காட்டி அடைக்க முடியாது. வெட்டப்போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய நூலால் நெருக்கமாகச் சுற்றி இறுக்கிவிட்டு, நடுவில் வெட்டுங்கள். சுற்று, கயிற்றின் பருமன் அளவுக்காவது அகலமாக இருக்கட்டும். ஒட்டுநாடா சுற்றுவது அன்றைக்கு உதவும். நாலு நாளில் பசை போய், அதற்குள் ஈரம் தங்கும்.

பெரிய சுருளாக வாங்கியிருந்தால் வெளிப்பக்க நுனியைப் பிடித்து உருட்டாதீர்கள். உள்பக்க நுனியை நடுவிலிருந்து மேலே இழுத்து எடுங்கள். வலமுறுக்குக் கயிறு (செங்குத்தாகப் பிடித்தால் புரிகள் இடக்கீழிலிருந்து வலமேல் பக்கம் ஏறுவது) என்றால் அது இடஞ்சுழியாக வெளியே வர வேண்டும். மாறி வந்தால் சுருளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி இழுங்கள். இதில் அலட்சியமாக இருந்தால், இழுக்க இழுக்க முறுக்கு ஏறிச் சிக்கு விழும்.

கழுவலாமா?

கழுவலாம், வெறும் தண்ணீரில். மண்ணும் மணலும் புரிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டால், கயிறு வளையும்போதெல்லாம் உள்ளிருந்தே அரமாக நாரை அறுக்கும். கடல் தண்ணீர் பட்ட கயிற்றை நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். உப்பு நாரை நேரடியாகத் தின்பதில்லை. ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கயிறு முழுசாக உலரவே உலராது. நீளமான கயிற்றை வலைப்பையில் தளர்வாகப் போட்டு ஊறவைத்தால் சிக்காமல் இருக்கும்.

சலவைத்தூள், பிளீச்சிங் பவுடர் இரண்டும் வேண்டாம். குளோரின் பூஞ்சையை வெளுக்கும், கூடவே செல்லுலோஸையும் அரிக்கும். பேட்டரி அமிலம் பட்ட கயிறு என்றால் கழுவவே வேண்டாம். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள், ஓட்டை தெரியாவிட்டாலும்.

எப்படி உலர்த்துவது?

நிழலில், காற்றோட்டத்தில், பெரிய வளையங்களாகத் தொங்கவிட்டு. மரக்கொம்போ மூங்கிலோ நல்லது. இரும்பு ஆணியில் ஈரக் கயிற்றைத் தொங்கவிட்டால் துருக்கறை ஏறும், அந்த இடத்தில் நார் சீக்கிரம் வலுவிழக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் உலர்த்துவது, ஹீட்டர் முன்னால் போடுவது எல்லாம் நாரை மொறுமொறுவென்று ஆக்கிவிடும்.

வெளியே தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று சுருட்டி வைப்பதுதான் பெரும்பாலான கயிறுகளின் சாவுக்குக் காரணம். இரண்டு கையாலும் முறுக்குக்கு எதிராகத் திருகினால் புரிகள் விலகி ஒரு கண் திறக்கும். அதற்குள் விரல் நுனியை வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். பருமனான கயிற்றில் தோல் காய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் நடு காயும்.

பூஞ்சை பிடித்துவிட்டது. வெயிலில் போட்டால் சரியாகிவிடுமா?

பூஞ்சை அடங்கும், கயிறு பழையபடி ஆகாது. இரண்டும் வேறு. பூஞ்சை செல்லுலோஸைக் கரைத்துத் தின்றுதான் வளர்ந்திருக்கிறது. தின்ற நார் திரும்பி வராது.

வெளியே மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தால், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெட்டவெளியில் விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சில மணி நேரம் வெயில் காட்டி, அப்புறம் நிழலில் உலர்த்துங்கள். புரியை விலக்கிப் பார்த்தால் உள்ளேயும் கரும்புள்ளி, மக்கிய நாற்றம் என்றால் அது இனி பாரம் தாங்கும் கயிறு இல்லை. வேறு வேலைக்கு மாற்றுங்கள். கீழே அதற்கு வழி இருக்கிறது.

எண்ணெய், தார், மெழுகு ஏதாவது பூசினால் நீண்ட நாள் வருமா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில்: ஒன்றும் பூச வேண்டாம். சமையல் எண்ணெய் சிக்கு வாடை அடித்து எலியைக் கூப்பிடும். ஆளிவிதை எண்ணெய் அதைவிட மோசம். அது காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளம்பும். எண்ணெய் ஊறிய நாரையோ துணியையோ குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, பட்டறைகளில் உண்மையாகவே நடக்கிற விபத்து இது.

பாய்மரக் கப்பல்களில் கயிறுகளுக்குப் பைன் மரத் தாரைப் பூசினார்கள். தார் ஏறிய கயிறு புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் வலுக்குறைவு, ஆனால் மழையிலும் உப்பிலும் வெகுகாலம் தாக்குப்பிடித்தது. பருத்தி வலைகளை மரப்பட்டைச் சாறில் ஊறவைத்ததும் அதே நோக்கத்தோடுதான்: பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் நுண்ணுயிர்களை அண்டவிடாது. இவை தினமும் நனைந்தே ஆக வேண்டிய கயிறுகளுக்கான வைத்தியம். உங்கள் கயிறு வேலை முடிந்ததும் உலரக்கூடியது என்றால், உலர்த்துவதே போதும். தைக்கும் நூல், மெல்லிய சரடு ஆகியவற்றுக்குத் தேன்மெழுகு தேய்ப்பது மட்டும் நல்ல பழக்கம்; சிலும்பு அடங்கும்.

எங்கே, எப்படி வைப்பது?

தரையில் வேண்டாம், காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் வேண்டவே வேண்டாம். சிமென்ட் தரை ஈரத்தை மேலே விடும். பை உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. சுவரில் மரமுளை அடித்து, சுவரை ஒட்டாமல் மாட்டுங்கள். பேட்டரி, அமிலம், பெயின்ட் கரைப்பான் இருக்கும் அலமாரி பக்கம் கொண்டுபோகாதீர்கள். எலிக்கு நார் கூடு கட்டும் பொருள். கரையானுக்கு அதுவே உணவு.

வலமுறுக்குக் கயிற்றை வலஞ்சுழியாகச் சுருட்ட வேண்டும். கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள்: புரிகள் இடக்கீழிலிருந்து வலமேல் பக்கம் ஏறினால் அது வலமுறுக்கு. கடையில் கிடைக்கும் மூன்று புரிக் கயிறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

சரியாக வைத்தால் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு எகிப்தின் செங்கடல் கரையில், வாடி கவாசிஸ் குகையில் கண்டெடுத்த கப்பல் கயிறுகளைச் சொல்லலாம். ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன் யாரோ வேலை முடிந்ததும் அழகாகச் சுருட்டி, நடுவில் சுற்றிக் கட்டி அடுக்கியவை, அதே கட்டோடு கிடந்தன. பாலைவனக் குகையின் வறட்சி செய்த வேலை அது. நம் அறைக்கு அந்த வறட்சி வராது, ஆனால் சுருட்டிய நேர்த்தி வரலாம்.

அப்படியானால் ஒரு கயிறு எத்தனை ஆண்டு உழைக்கும்?

ஆண்டுக் கணக்கு சொல்ல முடியாது, வேலையைப் பொறுத்தது. பெரு நாட்டில் அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாக்கா என்ற புல் கயிற்றுப் பாலம் இருக்கிறது. அங்குள்ள ஊர் மக்கள் ஆண்டுதோறும் புதிதாகக் கயிறு திரித்துப் பாலத்தையே மாற்றிவிடுகிறார்கள். இந்த மரபை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆள் நடக்கிற கயிறு, எப்போதும் வெயிலிலும் மழையிலும் இருப்பது. அறும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுகிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நாமும் அந்தக் கணக்கைத்தான் வைக்க வேண்டும்.

இன்னும் பாரம் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

உட்கார்ந்து, வெளிச்சத்தில், முழம் முழமாகப் பாருங்கள். ஒரு கயிற்றின் வலு அதன் மோசமான ஒரு சாண் நீளத்தின் வலுதான். மற்ற இடமெல்லாம் புதுசாக இருந்து பயனில்லை.

வெளியே சிலும்பியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். மேல் இழைகள் கொஞ்சம் அறுந்து பிசிறடிப்பது எல்லா நார்க் கயிற்றுக்கும் வரும். பார்க்க வேண்டியது உள்ளே. ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முறை புரிகளைத் திருகித் திறங்கள். நல்ல கயிறு உள்ளே வெளியைவிடப் பளிச்சென்று, வாங்கிய அன்றைய நிறத்தில் இருக்கும். மாவு போலத் தூள் கொட்டினால் புரிகள் ஒன்றோடொன்று உராய்ந்து நாரை அரைத்திருக்கின்றன என்று அர்த்தம். சாம்பல் நிறமோ கறுப்போ தெரிந்தால் பூஞ்சை.

அடுத்து, உள்ளிருந்து ஒற்றை நாரை உருவி இரண்டு விரலில் சுற்றி இழுங்கள். நல்ல கற்றாழை நார் விரலில் பதிந்து, வலித்து, அப்புறம்தான் 'பட்' என்று அறும். இற்றுப்போன நார் காய்ந்த புல்லைப் போலச் சத்தமே இல்லாமல் உதிரும். ஒருமுறை இரண்டையும் இழுத்துப் பார்த்த விரலுக்கு மறுபடி சந்தேகம் வராது.

எப்போதும் முடிச்சு விழும் இடம், கப்பியில் ஓடும் இடம், மண்ணைத் தொடும் இடம், இந்த மூன்றையும் இரண்டு தடவை பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கயிறு மெலிந்திருந்தால் அங்கே அளவுக்கு மீறிய பாரம் விழுந்திருக்கிறது. மேற்பரப்பு பளபளவென்று கருகிய நிறத்தில் இறுகியிருந்தால் உராய்வுச் சூடு.

பாரத்தைக் கட்டி இழுத்துப் பார்த்துவிட்டால் போதாதா?

போதாது. இன்று தாங்கியது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது; சில நேரம் அந்தச் சோதனையே பாதி நாரை அறுத்துவிட்டிருக்கும்.

எவ்வளவு பாரம் வைக்கலாம்?

12 மில்லிமீட்டர் மணிலாக் கயிறு, புதிதாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒரு டன் இழுவையில் அறும். அதனால் ஒரு டன் தூக்கலாம் என்று பொருளில்லை. பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோவோடு நிறுத்திக்கொள்வது நல்ல வழக்கம். முடிச்சுப் போட்டாலே கிட்டத்தட்டப் பாதி வலு போய்விடுகிறது. சின்னக் கப்பியில் இறுக்கி வளைத்தாலும் போகும். கப்பிச் சக்கரத்தின் விட்டம் கயிற்றின் விட்டத்தைப் போல 8 மடங்காவது இருக்கட்டும்.

ஊஞ்சல், ஏணி, ஆளைத் தூக்கும் கயிறு இவற்றுக்கெல்லாம் பழைய கயிறு கூடாது. விதிவிலக்கு கேட்காதீர்கள்.

நடுவில் கெட்ட கயிற்றை வெட்டி இணைக்கலாமா?

மீதி நல்லதாக இருந்தால் தாராளமாக. முடிச்சுப் போடாமல் புரிகளைப் பின்னி இணைப்பதுதான் சரி. பத்தில் எட்டரை, ஒன்பது பங்கு வலு நிற்கும். இரண்டு முனைகளிலும் புரிகளை ஒரு முழம் பிரித்து, ஒன்றின் புரிகள் மற்றதன் புரிகளுக்கு நடுவில் வரும்படி எதிரெதிராகக் கோத்து நெருக்குங்கள். பிறகு ஒவ்வொரு தளர்ந்த புரியையும், எதிர்க்கயிற்றில் பக்கத்துப் புரிக்கு மேலே கொண்டுபோய், அடுத்ததற்குக் கீழே நுழைத்து இழுங்கள். மூன்று புரிகளும் ஒரு சுற்று நுழைந்தால் ஒரு பின்னல். செடி நாருக்கு இரு பக்கமும் மும்மூன்று பின்னல் போதும், நார் சொரசொரப்பாக இருப்பதால் பிடித்துக்கொள்ளும். காலடியில் போட்டு உருட்டினால் பின்னல் படிந்துவிடும். இணைத்த இடம் தடிக்கும், கப்பியில் ஓடாது.

பழைய கயிற்றை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: கயிறு கீழ்நோக்கித்தான் இறங்க வேண்டும். பாரம் தூக்கியது கட்டுக் கயிறாகலாம், கட்டுக் கயிறு பாயாகலாம், பாய் நாராகலாம். ஒரு படி இறக்கிய கயிற்றை அவசரத்துக்கு மறுபடி மேலே ஏற்றக் கூடாது. இறக்கிய அன்றே மீட்டர் இரண்டு மீட்டராக வெட்டிவிடுவது நல்லது. நீளமாக விட்டுவைத்தால் விஷயம் தெரியாத யாரோ ஒருவர் அதை எடுத்துப் பாரம் கட்டுவார்.

முதல் படியில், விறகு, தட்டை, செடித் தண்டு கட்டுவது. மரத்தில் எதையாவது கட்டும்போது பட்டை அறுபடாமலிருக்கப் பழைய தேங்காய் நார்க் கயிற்றைத் தட்டையாகச் சுற்றலாம். அடுத்து, கால்மிதி, பிரிமனை, நாற்காலி இருக்கைப் பின்னல். பூனை நகம் தீட்டும் தூணுக்குக் கற்றாழை நார்க் கயிற்றுக்கு இணை இல்லை. முறுக்கு கெடாத துண்டாக எடுத்து நெருக்கிச் சுற்றுங்கள். உரசல் தடுப்பும் நல்ல உபயோகம்: படகின் விலாவிலோ ஏணியின் மேல் முனையிலோ பருமனான பழங்கயிற்றைச் சுற்றினால் அடி அதன்மேல் விழும்.

கடைசிப் படியில் கயிறு வெறும் நார். தார் ஏறிய பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்து, அந்த நாரை மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் அடைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிறைகளில் கைதிகளுக்கு இந்தப் பிரிக்கும் வேலைதான் தண்டனை. தார் இறுகிய கயிற்றை நகத்தால் பிரித்துப் பாருங்கள், ஏன் தண்டனை என்று புரியும். வீட்டளவில், ஒரு விரல் நீளத்துக்கு வெட்டிய நாரை மண் பூச்சில் கலந்தால் வெடிப்பு குறையும். ஜிப்சம் வார்ப்புகளிலும் கற்றாழை நார் சேர்ப்பது வழக்கம்.

பிரித்த நாரை மறுபடி கயிறாகத் திரிக்க முடியுமா?

முடியும், நார் ஒரு சாண் நீளமாவது இருந்தால். இற்றதை உதறிக் கழியுங்கள். மிச்சத்தை லேசாக ஈரப்படுத்துங்கள். ஒரு கொத்தை எடுத்து, நடுவைக் கொஞ்சம் தள்ளி மடித்தால் இரண்டு புரி கிடைக்கும். மேலே இருக்கும் புரியை உங்களைவிட்டு விலகும் பக்கமாக முறுக்கி, முறுக்கிய கையோடு அதை உங்கள் பக்கமாகக் கீழ்ப்புரியின் மேல் போடுங்கள். இப்போது மேலே வந்திருக்கும் புரிக்கும் அதே. தனிப்புரி ஒரு பக்கம் பிரியப் பார்க்கும், கயிறு மறுபக்கம் பிரியப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஒரு புரி மெலிகிறபோது அதில் மட்டும் புது நாரைச் செருகுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒட்டுப் போட்டால் அங்கேதான் அறும்.

இந்த வித்தை மிகப் பழையது. பிரான்ஸின் அப்ரி டு மராஸ் பாறைக்குடையில் கிடைத்த ஒரு கயிற்றுத் துணுக்கு, சுமார் 6 மில்லிமீட்டர் நீளம்தான். 40,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டது, நியாண்டர்தால் மனிதர்களுடையது என்று 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மரப்பட்டை நார், மூன்று புரி: புரிகள் ஒரு பக்கம் முறுக்கு, கயிறு எதிர்ப் பக்கம் முறுக்கு.

காகிதம் செய்யலாமா?

செய்யலாம். கி.பி. 105இல் சீன அரசவையில் காய் லுன் காகிதம் செய்த முறையைச் சமர்ப்பித்தபோது மரப்பட்டை, கந்தல் துணி இவற்றோடு பழைய மீன்வலையும் மூலப்பொருளாக இருந்தது. பழுப்பு நிற மணிலா உறைகளும் முதலில் பழைய மணிலாக் கயிற்றுக் கூழிலிருந்து வந்தவையே. வீட்டில் செய்ய முதலில் சணலோ பருத்தியோ எடுங்கள். தேங்காய் நார் கூழாகவே மறுக்கும்.

மட்கு குழியில் போடலாமா?

இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். நீளமாகப் போட்டால் கிளறும்போது மண்வெட்டியைப் பிடித்து இழுக்கும். பருத்தியும் சணலும் சீக்கிரம் மக்கும். தேங்காய் நார் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மண்ணரிப்பைத் தடுக்கச் சரிவுகளில் அதை வலையாக விரிப்பதே அதனால்தான். அதைச் செடியடியில் மூடாக்காகப் போடுவது நல்லது. தார், பெயின்ட், எஞ்சின் எண்ணெய், பூஞ்சைத் தடுப்பு மருந்து ஏறியவை மண்ணுக்குப் போகக் கூடாது, அடுப்புக்கும் போகக் கூடாது. அவை குப்பைதான்.

பறவைகள் கூடு கட்டட்டும் என்று நாரைத் தோட்டத்தில் போட்டுவைக்கலாமா?

வேண்டாம். நீளமான இழை குஞ்சுகளின் காலில் சுற்றி இறுகிவிடும். காய்ந்த புல்லும் சருகும் இருந்தால் அவை பார்த்துக்கொள்ளும்.